பேசாத அழைப்பு: கடலூர் வழியாக அண்ணாமலை நகருக்கு

சிதம்பரம் போய் வந்தேன் என்று சொன்னதும் கோபுரப் படங்களை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மன்னிக்கவும், இந்தப் பதிவில் கோபுரம் கிடையாது. 2012 ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனது கடலூரில் உள்ள ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு அறைக்கு. அங்கிருந்து அண்ணாமலை நகரில் இருக்கும் என் மனைவியிடம். பேருந்து, ரயில் விவரமெல்லாம் வழியில் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள்.

என் மனைவி எஸ்தருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து தரும் கடையில் வேலை. ஒரு பக்கத்தை அவள் முடிக்கும்போது மற்றவர்கள் தலைப்பைத்தான் தாண்டியிருப்பார்கள். நான் சென்னையில் கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்தில் இருக்கிறேன். எனக்குக் கடலூர்ப் பக்கம் வேலை கிடைக்கிற வரைக்கும், அவள் தன் அண்ணன் வீட்டில். எங்கள் குடும்பம் நடப்பது எஸ்.எம்.எஸ்ஸில். சண்டையும் அதில்தான், சமாதானமும் அதில்தான். பண்டிகை நாட்களில் எஸ்.எம்.எஸ். சலுகை செல்லாது என்பதால் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் சிக்கனமாகச் சண்டை போடுவோம்.

இன்னொன்று, மிஸ்டு கால். ஒரு மிஸ்டு கால் என்றால் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறேன், பார். அவள் எண் திரையில் வந்ததும் நான் வெட்டிவிடுவேன். வெட்டினால் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு அர்த்தம். எடுத்து என்ன பேசுவது? கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. விடியற்காலையில் எஸ்தருக்கு வயிற்றில் வலி. ஆறாவது மாதம். அண்ணன் கடலூரில் மாட்டிக்கொண்டான். வெளியே மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. அவள் சுவரில் ஒட்டியிருந்த ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்திருக்கிறாள். யாரும் வரவில்லை. காற்று அடங்கிய பிறகு எதிர் வீட்டுக்காரர்கள் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தேவன் காப்பாற்றினார். செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டதால் இதெல்லாம் எனக்குத் தெரியவே சில நாட்கள் ஆயின. அந்தச் சில நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் வந்த எஸ்.எம்.எஸ்ஸில் நடந்ததைச் சொல்லிவிட்டு, முடிவில் ஒரு கேள்வி வைத்திருந்தாள்: "நான் கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்டதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கத்தான் இந்தப் பயணம். ஏப்ரலில் பிரசவம். அதற்குள் மறுபடியும் ஏதாவது என்றால் அவள் யாரை, எப்படிக் கூப்பிடுவாள்?

கோயம்பேட்டில் காலை ஐந்து மணிக்குப் புதுச்சேரி வழியாகப் போகும் வண்டியில் ஏறினேன். கடலூருக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். போன நவம்பரில் கட்டணம் ஏறியதிலிருந்து நடத்துநரிடம் சில்லறை கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், கடல் தெரியும். புதுச்சேரி தாண்டியதும் புயல் போட்டுவிட்டுப் போன மரங்கள் இரண்டு பக்கமும் கிடந்தன. முறித்துப்போட்ட பலா மரங்களைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பதரைக்குத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம். அங்கிருந்து மஞ்சக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ ஏழு ரூபாய்.

அழைப்பு அறையை நடத்துவது 108 அல்ல, ஒரு தொண்டு அமைப்பு; எஸ்தர் வீட்டுச் சுவரில் இருந்தது இவர்கள் எண். பெயர் வேண்டாம். சுனாமியில் தேவனாம்பட்டினத்தைக் கடல் புரட்டிப்போட்ட சமயத்தில் ஒரு வேனும் ஒரு தொலைபேசியுமாகத் தொடங்கியவர்கள். இப்போது குளிரூட்டிய அறை, வரிசையாகக் கணினி, காதில் மாட்டும் ஹெட்போன். எல்லாம் வந்து ஐந்தாறு மாதம்தான் ஆகிறது. கூப்பிடுகிறவரின் எண் உடனே திரையில் வந்துவிடும் என்று பொறுப்பாளர் பெருமையாகக் காட்டினார். நல்ல மனிதர், எனக்கு டீ வரவழைத்தார். பேச முடியாத ஒருவர் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"வூட்டுல வேற யாராச்சும் கூப்புடுவாங்க இல்ல சார்?"

வீட்டில் யாரும் இல்லை என்றேன். அக்கம்பக்கம் என்றார். புயல் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவோம் என்று நினைத்து, அந்த எண்ணுக்கு ஒருமுறை அடி என்று எஸ்தருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. "அடித்தேன். உடனே கட் ஆகிறது" என்று அவளிடமிருந்து பதில் வந்தது. இன்னொருமுறை அடிக்கச் சொன்னேன். அதே கதை. அங்கே வேலை செய்யும் கலா என்ற பெண் எஸ்தரின் எண்ணை வாங்கிக் கணினியில் போட்டுப் பார்த்தார். எண் சிவப்பாகத் தெரிந்தது.

"இது பிளாக் ஆயிருக்குங்க. தொல்லை நம்பரு" என்றார். பேசாமலோ கேலியாகவோ அழைப்பு வந்தால் ஒரு பொத்தானை அழுத்துவார்களாம். இரண்டு முறை அழுத்திவிட்டால் அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு உள்ளேயே வராது. பழைய கறுப்புத் தொலைபேசியில் இந்த வசதி கிடையாது. புதிய கணினியின் முன்னேற்றம் இது.

எண்ணையே பார்த்துக்கொண்டிருந்த கலாவின் முகம் மாறியது. "புயல் அன்னிக்குக் காலையில நாந்தான் இருந்தேன். ரெண்டு வாட்டி வந்துது. யாரோ குடிச்சிட்டு ஊளையிடுறாப்ல இருந்துதுங்க. லாட்ஜ் பசங்கன்னு நெனச்சேன்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. நெல்லிக்குப்பம் பக்கம் யாரையோ பாம்பு கடித்திருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, கடிபட்டவர் பேசுகிறாரா, நடக்கவிடாதீர்கள் என்று மடமடவென்று கேட்டு, சொல்லி, வண்டியை அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். என் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

"பேசாத போனைப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தா, பேசுற போன் உள்ள வராதுங்க சார்" என்றார். மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. இருப்பதைச் சொன்னார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த இன்னொரு நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். பொறாமை. எஸ்தருக்குக் குரல் உண்டு. சமைக்கும்போது தன்னை அறியாமல் ஒரு சத்தம் போடுவாள், சிரிக்கும்போது வேறொன்று. என் பெயரை அவள் மாதிரி யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் சொல்வதில் பாதி எழுத்துகள் இருக்காது. நான் தங்கியிருக்கும் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். தொலைபேசியில் அதைக் கேட்டவர் கலா மட்டும்தான். அவருக்கு அது ஊளை.

அந்த அறையின் மூலையில் ரத்த தான முகாம் செய்திகளை எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்ப ஒரு தனிக் கணினி இருந்தது. பேசாத அழைப்பைத் தாராளமாக வெட்டுங்கள், ஆனால் வெட்டியதும் அதே எண்ணுக்கு இதிலிருந்து ஒரு கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டேன். உதவி வேண்டுமா? ஆம் என்றால் 1, தவறி வந்தது என்றால் 2. பாதிப் பேரின் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். விளையாடுகிறவன் பதில் போட மாட்டான். உயிர் போகிறவன் போடுவான்.

பொறுப்பாளர் நெற்றியைத் தடவினார். சென்னையில் உள்ள நிர்வாகத்தைக் கேட்காமல் எதையும் மாற்ற முடியாதாம். எப்போது கேட்பீர்கள் என்றேன். அடுத்த கூட்டத்தில் என்றார். அடுத்த கூட்டம் ஏப்ரலில். எங்களுக்குப் பிரசவமே ஏப்ரலில்தான் என்றேன்.

"நீங்க கேக்குற வரைக்கும் என் ஷிஃப்ட்ல நான் அனுப்புறேன் சார்" என்று கலா குறுக்கே சொன்னார். பொறுப்பாளர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எல்லா ஷிஃப்டிலும் செய்து பாருங்கள், சோதனை என்று நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். எஸ்தரின் எண்ணைச் சிவப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். புதுச்சத்திரம் பக்கம் சாலை மோசம், பின் இருக்கையில் உட்காராதீர்கள். எஸ்தரின் அண்ணன் சாமுவேல் தன் ஷேர் ஆட்டோவோடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தான். கடலூரில் நடந்ததைச் சொன்னேன்.

"என் செல்லுக்கும் அன்னிக்கு மிஸ்டு கால் குடுத்திருக்கா மச்சான். எப்பவும் அரிசி வாங்கியான்னுதான் குடுப்பா. அப்புடித்தான் நெனச்சிக்கினேன்" என்றான்.

எஸ்தர் வாசலில் நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. போன வாரம் பார்த்ததுதான், ஆனாலும் புதிதாகப் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டேன். அவள் காபிகூடக் கொடுக்கவில்லை, உடனே சோதிக்க வேண்டும் என்றாள். ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்து, போனை வாயருகே வைத்து ஒரு சத்தம் கொடுத்தாள். அழைப்பு வெட்டப்பட்டது. மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது, எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. உதவி வேண்டுமா?

அவள் 2 என்று அனுப்பினாள். முடிந்தது என்று நினைத்தேன். இன்னொன்று வந்தது: "எத்தனாவது மாசம்?" கலாவாகத்தான் இருக்க வேண்டும். ஏழு என்று எஸ்தர் அனுப்பினாள். "ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று வந்தது. அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை.

பிறகு அவள் தன் கேள்வியைக் கையால் கேட்டாள். அன்று அவர்களுக்குக் கேட்டதா? மழுப்பாமல் சொன்னேன். கேட்டது, குடிகாரன் என்று நினைத்துவிட்டார்கள் என்று என் கைகள் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

நீ கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாய் என்றாள்.

நீதான் என்று தெரிந்திருக்கும் என்றேன்.

நீதான் எடுக்கவே மாட்டாயே என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு மதியம் விழுப்புரம் பாசஞ்சரில் கிளம்பினேன். பதினேழு ரூபாய். பேருந்தைவிட நேரமாகும், ஆனால் உடம்பு நோகாது. விழுப்புரத்தில் மாறிக்கொள்ளலாம். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் வீட்டில் காது கேட்காதவர், பேச முடியாதவர் இருந்தால், உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அவரையே ஒருமுறை சாதாரண நாளில் அடிக்கச் சொல்லி, என்ன ஆகிறது என்று பாருங்கள். அவசரத்தில் பார்க்க வேண்டாம். இன்னொன்று, கடலூரில் இது இன்னும் சோதனைதான். ஏப்ரல் கூட்டத்தில் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள். எங்களுக்கு ஏப்ரல்தான் முக்கியம். அதனால் வாரா வாரம் போய் நிற்கப்போகிறேன்.

ஆலப்பாக்கத்தில் எதிர் வண்டிக்காக ரயிலை நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் சத்தமே இல்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எஸ்தர். என்னை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பதற்கான மிஸ்டு கால். கட்டைவிரல் பழக்கத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. அதை இழுத்து, பச்சையை அழுத்திக் காதில் வைத்தேன்.

முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு அவள் மூச்சு. திரையில் நொடிகள் ஓடுவதை அவள் பார்த்திருக்க வேண்டும், நான் எடுத்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மூச்சு நின்றது. பிறகு என் பெயரைச் சொன்னாள், பாதி எழுத்துகள் இல்லாமல், சத்தமாக. மறுபடியும் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் போனைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கேட்குது எஸ்தர் என்று நானும் சத்தமாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். வண்டி நகர்ந்ததும் போனை வைத்துவிட்டு, அவள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்.

கேட்டது.