தம்பி பிடித்த சுக்கான்

எங்கள் அறையில் அவளுக்குப் பெயர் ‘வளைவு’. மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டாலும் ஒரு வளைகோடு வரைந்து காட்டுகிறவள். சுக்கானை இத்தனை டிகிரி திருப்பினால் ஒரு கப்பல் எப்படித் திரும்பும், எவ்வளவு சறுக்கும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. அப்படிக் கற்ற கப்பலைத் திரையில் ஓட்டித்தான் மாலுமிகள் பழகுவார்கள். எங்கள் பாடம் தப்பினால் யாரோ ஒருவர் நிஜக் கப்பலைக் கொண்டுபோய்ப் பாறையில் ஏற்றுவார்.

வளைவின் தம்பி ஒரு சரக்குக் கப்பலில் சுக்கானி. அவன் சிபாரிசில்தான் அதன் பயணப் பதிவுகள் எங்களுக்குக் கிடைத்தன. விடுப்பில் வீட்டுக்கு வந்தவன், குளியலறையில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த அந்த வாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ‘கல்நெஞ்சுக்காரி’ என்று பக்கத்து அறையில் காதுபடவே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் வருகைப் பதிவா வைத்திருக்கிறார்கள்?

“எப்படி இருக்கே?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே தெரியல. பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கு.”

வேலை என்னவோ அமோகமாக நடந்தது. கணினி சொன்ன பாதையும் கப்பல் போன பாதையும் கோட்டின் மேல் கோடாகப் பொருந்தின. மேலாளருக்கு வாயெல்லாம் பல். அவள் மட்டும் ஜிக்ஜாக் சோதனையின் பதிவை எடுத்துப் பார்த்தாள். கப்பல் கட்டி முடித்ததும் செய்கிற சோதனை அது. சுக்கானை வேண்டுமென்றே மாற்றி மாற்றித் திருப்பி, எதிர்ப்பக்கம் திருப்பிய பிறகும் கப்பலின் மூக்கு பழைய பக்கமே எவ்வளவு தாண்டிப் போகிறது என்று அளப்பார்கள். நிஜக் கப்பல் ஏகத்துக்குத் தாண்டியிருந்தது. எங்கள் கப்பலோ சமர்த்துப் பிள்ளையாக உடனே அடங்கியது.

“நாம சொல்லிக்கொடுத்த பதிவுலதான் கோளாறு சார்,” என்றாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்று மேலாளர் சிரித்தார்.

கூடம் உண்மையிலேயே கோணல்தான். பயணப் பதிவுகளை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்ததும் தெரிந்தது. மற்ற சுக்கானிகள் கையில் கப்பல் கொஞ்சம் அலையும். அந்த அலைச்சலில்தான் அதன் சுபாவம் தெரியும். தம்பி அலையவே விடமாட்டான். மூக்கு நகரப் பார்க்கும்போதே அவன் கை சுக்கானுக்குப் போய்விடும். இதைப் பார்த்த கணினி, கப்பல் தானாகவே நேராகப் போகிறது என்று நம்பிவிட்டது. அவன் கையைக் கப்பலின் குணம் என்று படித்துவிட்டது.

“அவன் சுக்கான் பிடிச்சு நின்ன நேரத்தையெல்லாம் பதிவுலேர்ந்து எடுத்துடணும்,” என்றாள்.

“நான் எடுக்கட்டுமா?”

“வேண்டாம். எனக்குத்தான் அவன் கை தெரியும்.”

எடுத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மிச்சத்தை வைத்துக் கணினி மறுபடி படித்தது.

சுக்கானை நேராக வைத்துத் திரையில் கப்பலை விட்டோம். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்து, திரும்பிக்கொண்டே போனது. ஜிக்ஜாக்காக ஓட்டிப் பார்த்தபோது அந்தச் சோதனைப் பதிவோடும் பொருந்தியது. மேலாளர் துள்ளினார். “அட, இதுதாம்மா கப்பல்!”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு முரட்டுக் கப்பல்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்ல,” என்றாள். “வேலை எப்படிடா இருக்குன்னு கேட்டா, ‘சும்மாதான் நிக்கிறேன்க்கா’ன்னு சொல்வான்.”

அப்போதுதான் அழுதாள்.