பதிமூன்றாம் தாளுக்கு மேற்கே

பாகூரைத் தாண்டி வில்லியனூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். செருப்பில் ஒன்றைச் சேறு பிடுங்கிக்கொண்டது. மற்றதை நானே வீசிவிட்டேன்.

அன்று மாலைவரை எனக்கு ஒரு வேலை இருந்தது. வெள்ளம் ஏறிய தெருக்களை வரைபடத் தாளில் குறிக்கும் சர்வேயருக்கு அளவுகோல் தூக்குவது. மாலை ஐந்து மணிக்குள் குறித்து அனுப்பும் தெருவுக்கு மறுநாள் காலை தார்ப்பாய் வரும். விட்டுப்போன தெருவுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனில் படம் இருந்தாலும் கையெழுத்துப் போட்ட தாள்தான் செல்லும்.

பாகூர்ப் பக்கம் ஆறு வீட்டுத் தெரு ஒன்றுக்கு மதியம் போனோம். எங்களிடம் இருந்தது பதிமூன்றாம் தாள். அதன் இடது விளிம்பு அந்தத் தெருவுக்குச் சற்று முன்பே முடிந்துவிட்டது.

"இதுக்கு மேற்கால இருக்கற தாளு வில்லியனூர் ரூம்ல கீது. பைக்க எடுத்துக்கினு போய் எடுத்தா" என்றார் சர்வேயர்.

எண்ணை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். மேற்கு என்றால் இடதுபக்கம் என்று தெரியும். காலண்டரில் பதிமூன்றுக்கு இடதுபக்கம் பன்னிரண்டு. பன்னிரண்டை எடுத்துக்கொண்டேன். உறுவையாறு அருகே ரோடு அரித்துப் போயிருந்ததால் சுற்றி வந்தேன். திரும்பும்போது மணி நாலரை.

சர்வேயர் தாளை விரித்தார். "டேய், இது மாயவரம்டா! காவேரிக்கா தார்ப்பாய் போடப் போறோம்?"

பைக் சீட்டில் படிந்திருந்த சேற்றில் விரலால் கட்டம் போட்டுக் காட்டித் திட்டினார். பத்து லட்சத்தில் ஒன்றாகச் சுருக்கிய பெரிய தாளுக்கு எண் ஐம்பத்தெட்டு. அதைப் பதினாறாகப் பிரித்து ஏ-யிலிருந்து பதினாறு ஆங்கில எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் எம். அந்த எம்மை மறுபடி பதினாறாகப் பிரித்தவைதான் ஐம்பதாயிரத்தில் ஒன்றான எங்கள் தாள்கள். எண்கள் காலண்டர் மாதிரி குறுக்கே ஓடாது. மேலிருந்து கீழே நாலு, பிறகு அடுத்த பத்தி மறுபடி மேலிருந்து. பதிமூன்று கடைசிப் பத்தியின் தலையில் இருக்கிறது. அதற்கு மேற்கே ஒன்பது. நான் கொண்டுவந்த பன்னிரண்டு, அந்த ஒன்பதுக்குக் கீழே மூன்றாவது தாள்.

"ஓரத்துல எழுதிக் குடுத்துடலாமே சார்?"

"விளிம்புக்கு வெளிய குறிச்சா ஆபீஸ்ல தள்ளிடுவான். இருக்கறதையாச்சும் அஞ்சுக்குள்ள சேக்கணும்." பைக்கை உதைத்தார். "நாளைக்கி நீ வராத."

சுவர் விழுந்த வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்தாள். உள்ளே குழந்தை அழும் சத்தம்.

"இன்னாபா, அவரு பாட்டுக்குக் கெளம்பிட்டாரு? எங்க தெரு அதுல கீதா? மருமவ புள்ள பெத்து எட்டு நாளுதான் ஆவுது. வூட்ல மேல ஒண்ணுமில்ல."

"எழுதியாச்சும்மா" என்றேன்.

"அப்ப நாளைக்கி வந்துடும்."

"வந்துடும்."

அவள் குடிக்கத் தண்ணீர் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று நடக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை வில்லியனூரில் ஒரு கிடங்கு வாசலில் லாரிக்குச் சுமை ஏற்ற ஆள் எடுத்தார்கள். சுமை தார்ப்பாய்தான். டிரைவரிடம் தெருப் பட்டியல் இருந்தது. வாங்கி இரண்டு முறை படித்தேன். அந்தத் தெரு இல்லை. தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"இன்னா, பரீட்சைக்கா படிக்கற? தூக்குப்பா" என்றார் டிரைவர்.

பட்டியலைக் கொடுத்துவிட்டு முதல் தார்ப்பாய்க் கட்டைத் தோளில் ஏற்றினேன்.