கோதுமை வயலின் நடுவில் போகும் வழி

இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. விளைந்து நிற்கும் கோதுமை வயலுக்கு நடுவே ஊரார் பாட்டுக்கு நடந்து போவார்கள். வயலோரத்தில் ‘ஃபுட்பாத்’ என்று ஒரு மரப்பலகை அம்புக்குறியோடு நிற்கும். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்த வழியில் யாரும் போகலாம், உழுகிறவர் மறிக்கக் கூடாது. சட்டமே அப்படி. போன ஜூலையில் நானும் மனைவி மலரும் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் நடைப்பயணம் போனபோது, அப்படியொரு பலகை நேரே கதிர்களுக்குள் கை காட்டியது. நான் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகச் சுற்றி நடந்தேன். பயிருக்குள் செருப்புக் காலோடு இறங்குவது எங்கள் பாபநாசம் பக்கத்தில் வழக்கமில்லை. அதிலும் அடுத்தவர் பயிர். டிராக்டரில் வந்த வயதான விவசாயி வண்டியை நிறுத்தி, காலில் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை, மரியாதை என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓரத்தில் நடந்தால்தான் எனக்குத் தொல்லை, உங்கள் வழி நடுவில் இருக்கிறது என்று கையைக் காட்டினார். உங்கள் வழி என்றாரே, அதை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தேன். மலர் சிரித்தாள். “வயக்காரரே சொல்றாரு, அப்பறம் என்ன? வாங்க.”

அன்று நாங்கள் தங்கியது முந்நூறு வருடம் பழைய கல்வீடு. ஒரு காலத்தில் பண்ணையாட்கள் குடியிருந்ததாம், இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். “பண்ணையாள் மவன் காசு குடுத்துப் பண்ணையாள் வீட்டுல படுக்குறாரு” என்று மலர் கேலி செய்தாள். வீட்டுக்கார அம்மாள் தேநீர் வைத்துவிட்டு அந்த வயல்வழியின் கதையைப் பெருமையாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் கூலிக்காரர்கள் தங்கள் பிணங்களைத் தேவாலயத்துக்குச் சுமந்து போன வழி அது. சவப்பெட்டி ஒருமுறை போய்விட்டால் அந்தத் தடம் என்றென்றைக்கும் பொதுவழி ஆகிவிடும் என்று பழைய மனிதர்கள் நம்பினார்களாம். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்றும் சொன்னாள். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சர்க்கரை போதவில்லையா என்று கேட்டாள்.

அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்பா இறந்தபோது எனக்கு இருபது வயது. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக, அப்பா காலமெல்லாம் வேலை செய்த வயலின் வரப்பு ஒன்றுதான் வழி. “ஒருக்கா பொணம் போச்சுன்னா அதுவே பாதையாயிடும்” என்று நிலக்காரர் மறித்துவிட்டார். ஆடி மாதம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் பாடையோடு இறங்கினார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் அடுத்த வீட்டு ராசு மாமா. “ஒங்கப்பன நனையாம நான் கொண்டுபோறேன். நீ கொள்ளிச்சட்டிய மட்டும் பாத்துக்கடா” என்றார். சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பின்னாளில் நிலக்காரரின் பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட, அதே வயலை நாங்கள் வாங்கினோம். பட்டா என் பெயரில். பயிர் வைப்பது தம்பி செல்வம். ஆடு மேய்கிறது, ஆள் மிதிக்கிறார்கள் என்று அதற்கு முந்தின தையில் வரப்பையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டுப் படம் அனுப்பினான். நான் பஸ்ஸில் நின்றுகொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

மறுநாள் காலை, சாப்பிட உட்காரும்போது ஊரிலிருந்து செல்வம் போனில் கூப்பிட்டான். “அண்ணே, ராசு மாமா தவறிட்டாரு. சாயந்திரம் எடுக்குறாங்க. நம்ம வயல் வழியா விடச் சொல்லிக் கேக்குறாங்க. நடவு நட்டுப் பத்து நாள்தான் ஆவுது. ஒரு தடவ விட்டா அதுவே பாதையாயிடும்ணே. என்ன சொல்ற?”

அதே பேச்சை முந்தின நாள்தான் அந்த வீட்டுக்கார அம்மாள் வாயால் கேட்டிருந்தேன். அப்பாவின் பாடை கண் முன்னால் நின்றது. ஆனாலும் என் வாயில் வந்தது, “பாத்துச் செய்யிடா.” விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சொத்துக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள். எனக்கும் அது வந்துவிட்டது.

மதியம், அங்கே சாயந்திரம், ராசு மாமாவின் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர், நான்கு பேர், மேலே பாடை. பின்னால் எங்கள் வேலி, அதற்குள் பச்சை பிடித்த குறுவை நடவு. செல்வத்தைக் கூப்பிட்டு, “வேலியப் பிரிச்சுப் போடுடா” என்று கத்தினேன்.

“இத காலையிலயே சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. பிறகு, “அறுப்பு முடியட்டும். பாத்துச் செய்வோம்” என்று போனை வைத்துவிட்டான்.

விடுமுறை முடிந்து வீடு திரும்பும் நாள் காலையில் அதே கோதுமை வயலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். இரவு நல்ல மழை பெய்திருந்தது. மலர் பலகை காட்டிய வழியில் கதிருக்குள் போய்விட்டாள். எனக்குக் கால் வரவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டு, மழைத்தண்ணீர் நின்ற ஓரத்துப் பள்ளத்தில் இறங்கினேன். முழங்கால் வரை குளிர்ந்தது. தூரத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு அந்த விவசாயி, வழி அங்கே இருக்கிறது, அங்கே, என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் தண்ணீரிலேயே நடந்தேன்.