குத்துக்கு மூன்று நாற்று

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர் நடவுப் பெண்களில் என்னைப் போல வசவு வாங்கியவள் கிடையாது. குத்துக்கு மூன்று நாற்று வைப்பேன். நாலு வந்துவிட்டால் பிடுங்கி மறுபடி நடுவேன். மூன்றுதானா என்று தடவிப் பார்ப்பேன். அதற்குள் மற்றவர்கள் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்திருப்பார்கள். நான் மட்டும் பயிருக்கு நடுவே தனியாக நிற்பேன்.

"ஏண்டி, நாத்து நடுறியா, பேன் பாக்குறியா?" என்பாள் பக்கத்தில் நடுகிற அக்கா.

காரணத்தை நான் சொன்னதில்லை. இது தொடங்கியது கூலி உயர்வு கேட்டு நாங்கள் நடவை நிறுத்திய வருஷம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். செங்கொடி பிடித்த என் அண்ணனை வரப்பில் போட்டு அடித்தார்கள். மண்டை உடைந்தது, பிழைத்துக்கொண்டான். கூலி ஏறியது, வேலைக்குத் திரும்பினோம். முதல் நாளே மனதில் ஒன்று ஏறி உட்கார்ந்தது: நாலு நாற்றை அப்படியே விட்டால் அண்ணன் செத்துவிடுவான். முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கை பிடுங்கியது.

கோட்டையில் ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. மிராசுதார் விற்ற நிலத்தில் அரை ஏக்கரை அண்ணனும் நானும் வாங்கினோம். என் மூன்று மட்டும் மாறவில்லை. மந்திரித்த கயிறு கட்டினார்கள். வேலை சுத்தம் என்று சிலர் பாராட்டினார்கள். அவர்களை அறைந்திருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரிடம்தான், அண்ணனையும் வைத்துக்கொண்டு, முதல்முறையாகக் காரணத்தைச் சொன்னேன். இதற்கு ஓசிடி என்று அவர் பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்தார்.

"வேணும்னே நாலு வைங்க, பிடுங்காதீங்க. பயம் ஏறும், அப்புறம் தானா இறங்கும்" என்றார். கூட வந்த அண்ணனிடம், "ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க தைரியம் சொல்லாதீங்க. அதுவும் நாத்தைப் பிடுங்குற மாதிரிதான்" என்றார்.

குறுவை நடவில் அண்ணன் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். நான் நாலு நாற்றை வைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் அங்கேயே போனது.

"அண்ணே, உனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"தெரியாது."

"என்னண்ணே இப்படிச் சொல்ற?"

"டாக்டரு சொல்லக்கூடாதுன்னுட்டாரு. செத்தாலும் சாவேன். நீ நடு."

படுபாவி! கையிலிருந்த சேற்றை எறிந்தேன். வெள்ளை வேட்டியில் பட்டது. அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த குத்தை நட்டேன். எண்ணித்தான் நட்டேன். ஆனால் அந்த நாலைத் தொடவில்லை.