இரண்டு எட்டு முன்னால்

திருச்சி பாலக்கரை சகாய மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அமலராணி இரண்டு எட்டு முன்னால் நடக்கிறார். கணவர் ரெஜிஸ் இரண்டு எட்டு பின்னால் வருகிறார். ரெஜிஸ் வேகமாக எட்டிப் போட்டால் அமலராணியின் காலும் தானாக எட்டிப் போடும். ரெஜிஸ் பெட்டிக்கடையில் நின்றால், திரும்பிப் பார்க்காமலே அவரும் நின்றுவிடுவார். பின்னால் செருப்புச் சத்தம் ஓய்ந்தது முதுகுக்குத் தெரியும். பெண்டாட்டியோடு தோளோடு தோள் நடந்ததில்லை என்ற குறை ரெஜிஸுக்கு நிறைய உண்டு. "நல்லவேளை, கல்யாணத்தப்ப இந்த வேலை கிடைக்கல. கிடைச்சிருந்தா என்னைய விட்டுட்டு அவ மட்டும் முன்னால போயி மோதிரம் மாத்திட்டு வந்திருப்பா" என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அமலராணி மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் சோப்தார். நீதிபதி தம் அறையிலிருந்து கிளம்பிக் கூடத்துக்கு வரும்போது, வெள்ளைச் சீருடையும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக, வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பிடித்தபடி முன்னால் நடக்கிற வேலை. வாசலில் ஒரு 'ஷ்ஷ்...' சொல்வார். அவ்வளவுதான். பெரிய பெரிய வக்கீல்களெல்லாம் பேச்சைப் பாதியில் விழுங்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். நேற்று வரைக்கும் மீசை வைத்தவர்கள் மட்டுமே பார்த்த வேலை அது. தெருவில் யாருக்கும் 'சோப்தார்' வாயில் நுழையவில்லை. 'டவாலியக்கா' என்று வைத்துக்கொண்டார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும் அது 'ஜட்ஜம்மா வீடு'. அவரை யாரும் திருத்தவில்லை, அமலராணியும்தான்.

திங்கட்கிழமை இருட்டோடு மதுரை பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு வந்து இறங்குவார். வார நாட்களில் ரெஜிஸுக்கு வீட்டில் சுதந்திரம் என்று பெயர்தான். அடுப்பில் குக்கர் 'ஷ்ஷ்' என்று ஆரம்பித்தாலே மனிதர் பாதி எழுந்துவிடுகிறார்.

ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் இது பெரிய கூத்தானது. ரெஜிஸின் ஆட்டோவில் வழக்கமாகப் போய்வருகிற வைதேஹி மாமியை, ஏதோ விசேஷ நாளில், சித்திரை வீதிக் கூட்டத்துக்குள் கைத்தாங்கலாக அழைத்துப் போக வேண்டியிருந்தது. கூட்டம் அசைகிற மாதிரி இல்லை. அமலராணிக்கு வேறு வழி தெரியவில்லை. முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, 'ஷ்ஷ்...' என்றார். வீதி இரண்டாகப் பிளந்தது. சிலர் கைகூப்பினார்கள். ஒருவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிளந்த வழியில் வந்தது மூட்டுவலியோடு ஒரு மாமி. "பெருமாள்தான் எழுந்தருளறார்னு நானே ஒதுங்கப் பார்த்தேன்டிம்மா!" என்று வைதேஹி மாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நீதிபதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அமலராணியின் குரல் தாழ்ந்துவிடும். சென்னையிலிருந்து முறை வைத்து வருவார்கள், சில மாதம் உட்கார்வார்கள், போவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். "ஒருத்தர் உக்காந்தா தனி. பெரிய தண்டனை கேஸுன்னா ரெண்டு பேர் சேந்து உக்காரணும். மூணு பேர் உக்காந்தா முழு அமர்வு. அன்னைக்கு மட்டும் நான் காலையிலேயே வராந்தாவ ஒருதடவ நடந்து பாத்துருவேன்."

"எதுக்கு நடந்து பாக்குற? உனக்கா தீர்ப்பு?" என்பார் ரெஜிஸ்.

"ஆறு கால் பின்னால வருதுங்க!"

அவருக்கு நீதிபதிகள் கால்களாகத்தான் பழக்கம். ஜில்லா கோர்ட்டுகளில் இருந்து படிப்படியாக மேலே வந்தவர்கள் ஒரு மாதிரி நடப்பார்களாம். எங்கே வைத்தால் எது வழுக்கும் என்று தெரிந்த நடை. வக்கீலாக இருந்து நேரே நீதிபதியானவர்களின் நடை வேறு; மனசுக்குள் யாரிடமோ வாதாடிக்கொண்டே வந்து, பாயிண்ட் கிடைத்ததும் நடு வராந்தாவில் நின்றுவிடுவார்கள். அப்போது முன்னால் போகிறவரும் நிற்க வேண்டும். முகம்? முன்னால் நடக்கிறவருக்கு ஏது முகம்? கூடத்துக்குள் போனால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற இடம். அங்கே தெரிவது கறுப்பு அங்கியின் மடிப்பும், பெண் நீதிபதி என்றால் கொண்டை ஊசியும்.

இதைப் பக்கத்து வீட்டு நசீரா நம்பவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு குழாய், நிறையச் சட்டி கைமாற்றம். நசீராவின் ஒரே மகன் ரசூல் திருச்சி மத்திய சிறையில் ஆயுள் கைதி. மார்க்கெட் பக்கம் டீக்கடை வாசலில் நடந்த சண்டை. நடுவில் ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான். ஓர் ஆள் செத்துப்போனார். குத்தியவன் ரசூல் இல்லை. ஆனால் குத்துப்பட்டவரின் தோளில் ரசூலின் கை இருந்தது. அந்தக் கை அங்கே என்ன செய்தது என்பதுதான் வழக்கே.

பார்த்தவர் டீ மாஸ்டர் ஒருவர்தான். சாட்சிக் கூண்டில் ஏறிய முதல் நாள் "பிடிச்சான்" என்றார். குறுக்கு விசாரணையில் "பிரிச்சான்" என்றார். இல்லை, அன்றும் இன்றும் ஒன்றையேதான் சொன்னாரா, வாயில் ஒதுக்கிய வெற்றிலைதான் டகரத்தையும் ரகரத்தையும் குழப்பியதா, அது கர்த்தருக்கும் அல்லாவுக்கும்தான் வெளிச்சம். பிடித்தான் என்றால், குத்துவதற்கு வாகாகப் பிடித்துக் கொடுத்தவன். பிரித்தான் என்றால், சண்டையை விலக்கப் போன அப்பாவி. கீழ்க் கோர்ட்டு டகரத்தை எடுத்துக்கொண்டது. ரசூல் உள்ளே போனான்.

மேல்முறையீட்டை நடத்தியவர் வைதேஹி மாமியின் மகன் தேசிக். ரம்ஜான் மாதத்தில் ஒருநாள் அவர் நசீராவுக்குப் போன் செய்து, வழக்கு எந்த இரண்டு நீதிபதிகளிடம் வருகிறது என்று சொன்னார். அதில் மூத்தவர் ஒரு பெண் நீதிபதி. இந்த முறை அமலராணி யாருக்கு முன்னால் நடக்கிறாரோ அதே நீதிபதி.

நசீரா அன்று அழுதுகொண்டே நோன்புக் கஞ்சி காய்ச்சினார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல முதல் தூக்குவாளி சுவரைத் தாண்டி வந்தது. அமலராணி அதைக் கையில் வாங்கவில்லை.

"இப்ப வேணாம்க்கா."

"ஏம்மா? உப்புக் கூடிப்போச்சா?"

"வேணாம்க்கா."

வருஷம் தவறாமல் அந்தக் கஞ்சிக்காக அவரே தூக்குவாளியைக் கழுவிவைத்துக் காத்திருந்தவர். இப்போது வாளி வந்த வழியே போனது. அத்தோடு விடவில்லை, குழாயடிக்கும் ரெஜிஸைத்தான் அனுப்பினார். தெரு சும்மா இருக்குமா? "வெள்ளிக் கோலைப் பிடிச்சதும் கண்ணு மேல போயிருச்சு" என்றது. ரெஜிஸுக்கே தாங்கவில்லை.

"ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சா ஜட்ஜம்மா உன்னைய உள்ள வெச்சிருவாங்களா?"

"அவங்க வைக்க மாட்டாங்க. நான் எப்படிங்க அந்தக் கஞ்சியக் குடிச்சிட்டு அவங்களுக்கு முன்னால நடப்பேன்? கால் பின்னும்."

நீதிபதியின் செயலாளரிடம் அவரே போய், "அந்தக் கேஸ்காரங்க எங்க பக்கத்து வீடு" என்று சொல்லியிருந்தார். உள்ளே போய் வந்த பதில் சின்னது: "நடங்க. பேசாதீங்க."

நசீரா ஒரே ஒருமுறை சுவர் மேல் முகத்தை வைத்துக் கேட்டார். சிபாரிசு கேட்கவில்லை. "ராணி, அந்தம்மா முகம் எப்படிம்மா இருக்கும்? இரக்கமா இருக்குமா? அத மட்டும் சொல்லேன்."

அமலராணி கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தெரியாது என்று சொல்வதும் பேசுவதுதானே? உள்ளே போய் அந்தத் துணிகளை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார். ரெஜிஸ் அன்று பட்டினி.

பெருநாள் போய், கோடை விடுமுறைக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. மூத்த நீதிபதி வாசித்தார்: சாட்சி சொன்னதில் சந்தேகம் இருக்கிறது, அதன் பலன் ரசூலுக்கு, விடுதலை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற அமலராணி கோலை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார். அடுத்து, பக்கத்து நாற்காலிக்காரர் தம் காகிதத்தை எடுத்தார்: மூத்த சகோதரி நீதிபதியின் கருத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை, முதல் நாள் சொன்னதே உண்மை, தண்டனை சரி. ஒருவருக்கு ரகரம், ஒருவருக்கு டகரம். ஒரே மேடை, ஒரே வழக்கு, ஒரே நாள்.

எழுந்திருக்கும் நேரம் வந்தது. அமலராணி முன்னால் வந்து வாயைத் திறந்தார். 'ஷ்' வரவில்லை. நீதிபதிகள் எழுந்துவிட்டார்கள், கூடத்தில் பாதிப் பேர் உட்கார்ந்தே இருக்கிறார்கள். சோப்தார் உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. கூட நின்ற இன்னொரு சோப்தார்தான் அந்தச் சத்தத்தை முடித்துவைத்தார். வராந்தா முழுக்கப் பின்னால் காலடிகள் வந்தன. திட்டு எதுவும் வரவில்லை. அறை வாசலில் மட்டும் அந்த அம்மாவின் குரல்: "தண்ணி குடிங்க."

அதைக்கூட அமலராணி பெரிதாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து ரெஜிஸிடம் சொன்னது வேறு. "ஒருத்தங்க வெளிய விடுங்கறாங்க, ஒருத்தங்க விடாதங்கறாங்க. எழுந்து வந்து ஒரே பிளாஸ்க்ல ஆளுக்கொரு டீ குடிக்கிறாங்கங்க! 'உங்க தீர்ப்புல அந்தப் பத்தி நல்லா வந்திருக்கு'ன்னு அவரு சொல்றாரு. இவங்க சிரிக்கிறாங்க. நம்ம குழாயடியில ஒரு குடம் முன்ன பின்ன போனா ஆறு மாசம் பேச்சு வார்த்தை கிடையாது." சொல்லும்போது கண் விரிந்திருந்தது. மலைக்கோட்டையை முதல்முதலாகக் கீழே நின்று பார்க்கிறவர்களின் கண் அப்படித்தான் இருக்கும்.

சொல்லி முடித்த கையோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். வழக்கு இப்போது அவருடைய நீதிபதியின் கையை விட்டுப் போயிருந்தது. இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது நீதிபதி ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். நசீரா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒருத்தர் விட்டாச்சு, ஒருத்தர் விடல. அப்ப எம்புள்ளைய ரெண்டா வகுந்து பாதிய வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

அமலராணி தலையைக் குனிந்துகொண்டு, "கஞ்சி இருக்காக்கா?" என்றார்.

நசீரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நோன்பு போயி, பெருநாளும் போயி, இப்ப வந்து கஞ்சி கேக்குது பாரு கழுதை" என்று சொல்லிவிட்டு, எழுந்து அரிசியை ஊறப்போட்டார்.

மூன்றாவது நீதிபதி அப்போது சென்னையில் இருந்தார். தீர்ப்பு நாளன்று வீடியோவில் பார்க்கலாம் என்றார் தேசிக். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில், அவர் வீட்டு முன்னறைதான் அவர் ஆபீஸ். அமலராணி லீவு போட்டிருந்தார். ரெஜிஸின் ஆட்டோவில் நசீராவை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேசையில் லேப்டாப். வைதேஹி மாமி எல்லாருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். நசீராவின் டம்ளரில் ஏடு படிந்தது.

திரையில் கூடம் தெரிந்தது. யாரோ ஒரு சோப்தாரின் கோல் தெரிந்தது. அமலராணி டக்கென்று எழுந்து நின்றார், விறைப்பாக.

"அக்கா, அவருக்கு நாம தெரிய மாட்டோம். கேமரா ஆஃப்ல இருக்கு" என்றார் தேசிக்.

"இருக்கட்டும் தம்பி."

தேசிக் சிரிக்கப் பார்த்தார். ரெஜிஸ் எழுந்தார். தேசிக்கும் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். சமையலறை வாசலில் நின்ற மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நீதிபதி உட்கார்ந்ததும் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், அமலராணி உட்காரவில்லை. வேலைப் பழக்கம்.

நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வாசித்தார். நடுவில் இரண்டு தமிழ்ச் சொற்கள் வந்தன: பிடித்தான், பிரித்தான். அதை மட்டும் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மறுபடி ஆங்கிலம். நசீரா உதட்டசைவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவர்போல் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோயிருந்தார்.

"என்ன தம்பி சொல்றாரு? தம்பி, என்ன சொல்றாரு?"

தேசிக் கையைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னார். கடைசி வரி வந்தது. தேசிக் நசீரா பக்கம் திரும்பினார்.

"எந்த எழுத்துன்னு உறுதியா சொல்ல முடியாதப்போ ஒருத்தரை உள்ள வெச்சிருக்க முடியாதுன்னுட்டார். விடுதலைம்மா. ரசூல் வீட்டுக்கு வர்றார்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆரம்பித்த நசீராவுக்கு அது முடியவில்லை. நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து, மேசைக்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு சத்தம் போட்டார். அழுகை என்றும் சொல்ல முடியாது. வாசலில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தார்.

திரையில் நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார். அமலராணி அதுவரை திரைக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். இப்போது நீதிபதிக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நசீராவின் தலையிலிருந்து நழுவிக் கிடந்த துப்பட்டியை எடுத்து மெல்லத் தலையில் இழுத்துவிட்டார்.