திட்டு வாங்கி எழுதியவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, சிவகாசி அச்சகத்தில் மிஷின் ஓட்டும் கருப்பசாமி விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நம்ம நாவல் அண்ணாச்சி போய்ட்டாக சார். நேத்தே எடுத்தாச்சு. இங்கன வந்து சொல்ல ஆள் இல்ல” என்றார்.

எழுத்தாளர் அருணகிரியைத்தான் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொண்ட நான் அவரைப் பற்றி எழுதலாமா என்று இப்போதும் தயக்கமாக இருக்கிறது. பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் அவருடைய நாவல்களுக்குப் புரூப் பார்த்தேன். வேறு உரிமை கிடையாது. அவரோடு பழகியவர்கள், நான் பிழையாகச் சொன்னால் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் குமாஸ்தா. காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்தால் அச்சகத்தில் மிஷின்கள் சும்மா நிற்கும். அந்த மாதங்களில் முதலாளி மலிவு விலையில் காதல் நாவல்கள் போடுவார். காலண்டருக்கு அடித்து மிஞ்சிய மணமக்கள் படம்தான் அட்டை. ஆகவே எந்தக் கதையும் கல்யாணத்தில் முடிந்தாக வேண்டும். அருணகிரிக்கு அதில் வருத்தமில்லை. “அட்டையிலயே மாலையப் போட்டுட்டாக. உள்ள நாலு சண்டைய மூட்டிவிட்டாப் போதும் சார்” என்பார்.

பதினாறு பக்கம் ஒரு பாரம். அச்சகத்தில் எழுத்துகள் குறைவு என்பதால், ஒரு பாரம் அச்சானதும் பிரித்து அடுத்த பாரத்துக்குக் கோப்பார்கள். அச்சான பக்கத்துக்குத் திரும்பிப் போக முடியாது. மற்றவர்கள் கதையை முழுதாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அருணகிரி ஒவ்வொரு பாரமாகத்தான் எழுதுவார். அச்சான தாளை மை காயுமுன் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி வேலுத்தாய்க்கு வாசித்துக் காட்டுவார். அந்த அம்மாள் திட்டுவார். அந்தத் திட்டுதான் அடுத்த அத்தியாயம்.

ஒரு நாள் நானும் உடன் இருந்தேன். அன்று வாசித்த பாரத்தில், சாத்தூர் வியாபாரியின் மகளைப் பார்ப்பதற்காகவே, வேறு ஊர் லோடை வேண்டுமென்று சாத்தூருக்கு அனுப்பிவிட்டு, அதைத் திருப்பி வாங்கும் சாக்கில் அங்கே போய் நிற்கிறான் கதாநாயகன். வேலுத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

“லோடு மாறிப் போனா மொதலாளி தோல உரிச்சிர மாட்டாரா? இவன் காதல் பேசிக்கிட்டு நிக்கானாக்கும். வெடிக் கணக்கே தெரியாதவன் குடும்பக் கணக்கு என்னத்தப் பாப்பான்னு அந்தப் புள்ள கேக்காதா? ஆனைக்குட்டத்துல எங்க வீட்டுக்கு நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் கேக்கல?”

“கேட்டா. இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா சார்” என்றார் அருணகிரி. அடுத்த பாரத்தில் சாத்தூர்ப் பெண் அதே கேள்வியைக் கேட்டாள். துரத்திவந்த முதலாளிக்குப் பயந்து கதாநாயகன் அவள் அப்பாவின் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து தும்மினான். அச்சுக் கோப்பவர்கள் சிரித்ததில் எழுத்துகள் இடம் மாறி, எனக்கு வேலை கூடியது.

கடைசி நாவலில் பாதி அச்சாகியிருந்தபோது வேலுத்தாய் படுத்துவிட்டார். நெஞ்சுச் சளி என்றார்கள். பிறகு வேறு பெயர் சொன்னார்கள். கதாநாயகியை அச்சான பக்கங்களில் அருணகிரி வாயாடியாக வளர்த்துவிட்டிருந்தார். அட்டையும் தயார். எப்படியாவது ஒரு முறை அந்த அம்மாளைத் திட்டவைத்துவிட வேண்டும் என்று, அடுத்த பாரத்தில் வேண்டுமென்றே தவறுகளை எழுதினார். பங்குனி வெயிலில் நாயகி கம்பளி போர்த்திக்கொண்டு வந்தாள். நாயகன் அவள் பெயரையே மறந்தான். நான் கோடு போட்டுக் கேட்டேன். “அப்படியே விடுங்க சார். அவ பிடிக்கட்டும்” என்றார்.

மறுநாள் அச்சகத்துக்கு வந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அம்மாள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“நல்லாருக்குன்னுட்டா சார்.”

அந்த வாரமே வேலுத்தாய் போய்விட்டார்.

கடைசிப் பாரத்தை அருணகிரி எழுதிக் கொடுத்தார். கல்யாணம் நடக்கிறது, நாயகன் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறான். அச்சக முதலாளி படித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, பொண்ணு ஊமையா?” என்று கேட்டார்.

“கேட்டுக்கிட்டு இருக்கா மொதலாளி.”

அந்தப் புத்தகம் விற்கவில்லை. கட்டுக்கட்டாகத் திரும்பி வந்ததை வெடி சுற்றுவதற்குப் பழைய காகிதமாகப் போட்டார்கள். பழைய நாவல்களில் மிஞ்சியவையும் அதோடு போயின. “மத்தவுக பொஸ்தகம் அலமாரியில சத்தமில்லாமக் கெடக்கு. என்னது தெருத்தெருவாக் கேக்குது” என்று ஒரு தீபாவளியன்று சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகு அவர் லோடு அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாள் பேசியதெல்லாம் நினைவில் இருக்குமே, அதை வைத்து எழுதலாமே என்று ஒரு முறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். “பழைய திட்டுக்குத்தான் அப்பவே பதில் எழுதிட்டேனே சார்” என்றார். எதைச் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார் என்று இன்றும் தெரியவில்லை. ஒருவேளை எதுவுமே உதவியிருக்காது.

அவருடைய புத்தகம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கருப்பசாமியிடம் கேட்டேன், அச்சகத்திலும் இல்லையாம். புரூப் பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், கதை மனத்தில் தங்காது. என்னிடம் மிஞ்சியது ஒரு நாயகியின் ஒரே ஒரு வரி: “மொதல்ல பசியாறிட்டு வாங்க, பெறகு எனக்காக உசுர விடலாம்.” கருப்பசாமி போன பின் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லும்போது அது பிழையில்லாத ஒரு வாக்கியமாக மட்டுமே இருந்தது.