எந்த நீ?

பதினான்கு வருஷம் கழித்து வீடு திரும்புகிறவர், புறப்பட்டுப் போன அதே மனுஷர்தானா? அஜீஸுன்னிசாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் சினிமாவைப் பற்றித்தான் கேட்டேன் என்பாள்.

கல்யாணமான எட்டாம் வருஷம் அவள் கணவர் சௌகத் அலி வளைகுடாவில் தம்மாமுக்குப் போனார். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சரக்கறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. இங்கே பேகம்பூர் வீட்டு மாடியில் ஒற்றைத் தையல் மெஷினோடு நைட்டி தைக்க உட்கார்ந்தவள், ஐந்து மெஷின், ஏழு பெண்கள் என்று வளர்ந்துவிட்டாள். சின்னாளபட்டியிலிருந்து சுங்குடித் துணி வரும். தைத்த நைட்டி பழனிக் கடைகளுக்குப் போகும்.

எட்டு மாதம் முன்பு சௌகத் அலி ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வந்த வாரமே சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். உப்பு டப்பாவில் 'உப்பு'. இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்படியில் நின்றவளுக்கு உப்பு எது என்று தெரிய வேண்டுமாம். அப்புறம் மாடிக்கு ஏறினார். ஜன்னலைப் பார்த்திருந்த மெஷின்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். வெளிச்சம் முதுகில் விழுந்தது, ஊசியில் விழவில்லை. அவர் இறங்கியதும் பெண்கள் பழையபடி திருப்பிப் போட்டார்கள். மறுநாள் அவர் மறுபடி திருப்பினார். கடைசியில், "இம்புட்டு நாள் நீ கஷ்டப்பட்டது போதும்" என்று அன்பாகவே சொல்லி, மெஷின்களை விற்றுவிட்டுக் கீழே ஜூஸ் கடை போடுவதென்று முடிவுசெய்தார். சனிக்கிழமை ஆள் வந்து மெஷின்களை எடுத்துப்போவதாக ஏற்பாடு. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "என்னங்க" என்று தொடங்குவாள். அதற்குமேல் வாக்கியம் வராது.

அந்த வாரம்தான் படம் வந்தது.

முதல் பாகத்தை ஆறு வருஷம் முன்பு தங்கை ரஃபியாவோடு பார்த்திருந்தாள். தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். விண்வெளிக்குப் போன ஒருவனை ஒரு கருவி துண்டுதுண்டாகப் பிரித்து, மறுபடி கோத்து, பூமிக்கு அனுப்பும். வருகிறவன் அவனேதானா, அவனைப் போல இன்னொன்றா என்று யாருக்கும் தெரியாது. அவன் வந்து கதவைத் தட்டுவான். பெண்டாட்டி திறந்து முகத்தைப் பார்ப்பாள். திரை இருண்டுவிடும். பெரிய படமில்லை. ஆனாலும் அந்தக் கடைசி நிமிஷத்தை, நைட்டிக்கு ஓரம் அடிக்கும்போதெல்லாம் அஜீஸுன்னிசா நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அக்காவும் தங்கையும் கிளம்பும்போது சௌகத் அலியும் சட்டையை மாட்டினார்.

"மொதப் பாகம் பாக்காம வந்தா வெளங்காதுங்க."

"படந்தானே, பரீட்சையா? வாரேன்."

மதியக் காட்சி. உட்கார்ந்ததுமே, தம்மாமில் சீட்டு பின்னால் சாயும் என்றார். படம் தொடங்கியது.

"இவ யாரு?"

"பொண்டாட்டி."

"யாருக்கு?"

"மேல போனான்ல, அவனுக்கு."

"மௌத்தாயிட்டானா?"

"சாகலங்க, ராக்கெட்ல போனான்!"

முன்வரிசைக்காரர் திரும்பினார். "பாய், செத்த நேரம் படத்துல இருக்கவங்களயும் பேச விடுங்க. காசு குடுத்து வந்திருக்கோம்ல."

திரையில் கதவைத் திறந்தவள் வந்தவனை உள்ளே அழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ உட்காரு" என்றாள்.

அஜீஸுன்னிசா நிமிர்ந்தாள். முதல் பாகம் முழுக்க அந்தப் பெண்டாட்டி அவனை 'நீங்க' என்றுதான் சொன்னாள். "பத்திரமா போயிட்டு வாங்க" என்று அழுதாள். இப்போது 'நீ'. அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்தவன் அவனில்லை.

அதன் பிறகு படம் இதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மூன்று கிரகங்கள் வெடித்தன. புதிதாக முளைத்த வில்லன் தன் சிறுவயதுத் துயரத்தைக் கால்மணி நேரம் சொன்னான். பாப்கார்ன் வாங்கப் போன சௌகத் அலி வரிசையை மறந்துவிட்டு, இருட்டில் நின்று, "அஜீஸு, அஜீஸு" என்று கூப்பிட்டார். கடைசிக் காட்சியில் பெண்டாட்டி அவன் எதிரே வந்து நின்றாள். "நீ யாரு?" என்றாள். திரை இருண்டது. மூன்றாம் பாகம் வரும் என்று எழுத்து வந்தது.

"இதுக்கா ஆறு வருஷம் எடுத்தாய்ங்க?" வண்டி நிறுத்தத்தில் நின்று அஜீஸுன்னிசா பொரிந்தாள். 'நீ' விஷயத்தைச் சொன்னதும் ரஃபியா சிரித்துவிட்டாள்.

"அக்கா, இங்கிலீஷ்ல நீயும் நீங்களும் ஒரே வார்த்தைதான். இந்தத் தடவ தமிழ்ல எழுதுனவன் வேற ஆளா இருப்பான். அம்புட்டுத்தான்."

"எழுதுனவன் தூங்கிட்டான்" என்றார் சௌகத் அலி.

"அவன் தூங்கட்டுங்க. அவ வாயில வந்துச்சுல்ல?"

"யாரு வாயில?"

அஜீஸுன்னிசா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "மூணு மணி நேரம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

ரஃபியா சொன்னது சரிதான். ஆனாலும் தீரவில்லை. ஒருவரை அவரேதான் என்று சொல்ல நாம் முகத்தைச் சாட்சி வைக்கிறோம், ஞாபகத்தைச் சாட்சி வைக்கிறோம். கூடவே வாழ்கிறவள் எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தச் சாட்சியும் லேசில் பிடிபடாது. சாயம் போகிற துணியைத் தலையில் கட்டப் பார்க்கிறவனை அஜீஸுன்னிசா 'நீ' என்றுதான் ஏசுவாள். துஆவில் கையேந்தும்போது அல்லாஹ்வையும் 'நீ' என்றுதான் அழைப்பாள். திரையில் அந்தப் பெண் சொன்னது எந்த நீ?

சனிக்கிழமை, சின்னாளபட்டி பிரபு குட்டியானை வண்டியோடு வந்தார். பழைய மெஷின் வாங்கி விற்கிறவர். சௌகத் அலி மாடிக்குக் கூட்டிவந்து ஒவ்வொரு மெஷினையும் தட்டிக் காட்டினார். பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன அஜீஸு, எறக்கிரலாமா?"

அவள் எழுந்தாள். தன் மெஷினை, தரையில் கிறீச்சிட, ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"மெஷினு இங்கனதான் இருக்கும்" என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, "நீ சாப்டியா?"

பிரபு சட்டென்று துணிக்கட்டை ஆராயத் தொடங்கினார். சௌகத் அலி மெஷின்மேல் வைத்திருந்த கையை எடுத்து, "இன்னும் இல்ல" என்றார். குட்டியானை காலியாகத்தான் திரும்பிப் போனது.

இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் 'நீ'. அதற்குப் பிறகு 'நீங்க' வரவே இல்லை. அது கோபத்து நீயா, பாசத்து நீயா என்று ரஃபியா இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அஜீஸுன்னிசா சொல்லவில்லை. சௌகத் அலி கேட்கவே இல்லை.